பீட்டில்ஸ் ரசிகர்கள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது எதை?

2021 நவம்பர் 25, 26, 27 தேதிகளில், நாளுக்கு ஒரு பாகமாக, டிஸ்னி பிளஸ் தளத்தில் ‘தி பீட்டில்ஸ்: கெட் பேக்’ வெளியானது. 1969 ஜனவரியில் எடுத்த காட்சிகளிலிருந்து, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களை எடுத்த நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தொகுத்த ஆவணப்படம். மூன்று பாகத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 8 மணி நேரம். இதில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் நான்கு பேர் காலையில் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். டீ குடிக்கிறார்கள், டோஸ்ட் சாப்பிடுகிறார்கள், தங்களைப் பற்றிப் பேப்பரில் வந்ததைச் சத்தமாக வாசித்துச் சிரிக்கிறார்கள். ஒரு பாட்டின் இரண்டு வரியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். வேலை ஓடாதபோது சின்ன வயதில் வாசித்த ராக் அண்ட் ரோல் பாட்டுகளுக்குத் தாவிவிடுகிறார்கள். மறுநாளும் இதேதான்.

இந்தப் படத்தைத்தான் உலகம் முழுக்க ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து பார்த்தவர்கள் ஏராளம். ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் தினமும் போட்டுவரும் விதவிதமான கோட்டுகள்கூடப் பேச்சுக்குத் தப்பவில்லை. பீட்டில்ஸ் பிரிந்து பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் அந்தப் பேச்சில் இருந்தார்கள். அடுத்த வருடம் 5 எம்மி விருதுகள் கிடைத்தன.

பழைய நினைப்பு, ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஏக்கத்தைத் தீர்க்க இரண்டு மணி நேரப் படம் போதும். எட்டு மணி நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். ஐம்பது வருடமாக மற்றவர்கள் சொல்லியே கேட்டிருந்த ஒரு கதைக்கு, தாங்களே பார்த்து முடிவு சொல்லும் அளவுக்கு நீளமான சாட்சியம் முதல்முறையாக ரசிகர்கள் கையில் கிடைத்தது. அந்தக் கதை என்ன, அது எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் அவர்களுடைய உற்சாகம் புரியும்.

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு பீட்டில்ஸ் ஊர் ஊராகப் போய் மேடையேறுவதை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலை. மறு வருடம் ஆகஸ்டில் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் இறந்துபோனார். அதற்குப் பிறகு நால்வரையும் ஒரு இடத்தில் உட்கார வைத்து வேலை வாங்க ஆளில்லை. அந்தப் பொறுப்பைப் பால் மெக்கார்ட்னி தானாக எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அது உறுத்தியது. 1968-இல் ‘ஒயிட் ஆல்பம்’ பதிவானபோதே ரிங்கோ ஸ்டார் கோபித்துக்கொண்டு சில நாள் விலகிப் போய்த் திரும்பியிருந்தார்.

இந்த நிலையில்தான் 1969 ஜனவரி 2 அன்று லண்டனின் ட்விக்கனம் பட ஸ்டுடியோவில் கூடினார்கள். திட்டம் இதுதான்: புதுப் பாட்டுகள் எழுத வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், மாத முடிவுக்குள் மக்கள் முன்னால் நேரடியாக வாசிக்க வேண்டும். ஒத்திகையும் கச்சேரியும் படமாகித் தொலைக்காட்சியில் வரும். ரிங்கோவுக்கு ஒரு சினிமா ஷூட்டிங் காத்திருந்ததால் நாட்களைத் தள்ளிப்போடவும் முடியாது. கச்சேரி எங்கே என்பதுகூட முடிவாகவில்லை. லிபியாவின் கடலோரத்தில் இருக்கும் ரோமானியக் காலத்துத் திறந்தவெளி அரங்கில் தீவட்டி வெளிச்சத்தில் நடத்தலாம் என்று இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் விடாமல் வற்புறுத்துகிறார். கப்பலில் ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றும் பேச்சு ஓடுகிறது.

அப்போது ஜான் லெனனுக்கும் ரிங்கோவுக்கும் 28 வயது. பாலுக்கு 26. ஜார்ஜ் ஹாரிசனுக்கு 25. ராத்திரி முழுக்க ரெக்கார்டிங் செய்து பழகிய இவர்கள், பெரிய, குளிர்ந்த சினிமா தளத்தில், காலை நேரத்தில், கேமரா முன்னால் பாட்டு எழுத வேண்டும். பிரச்சினை வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த மாதம் எடுத்த காட்சிகளிலிருந்து 80 நிமிடப் படம் ஒன்றை லிண்ட்சே-ஹாக் தொகுத்தார். ‘லெட் இட் பி’ என்ற பெயரில் அது 1970 மே மாதம் திரைக்கு வந்தது. வந்த நேரம்தான் வினையானது. ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 10 அன்று, பால் விலகிவிட்டார் என்ற செய்தி உலகெங்கும் முதல் பக்கத்தில் வந்திருந்தது. முதல் காட்சிக்கு நால்வரில் ஒருவரும் போகவில்லை. குழு உடைந்த துக்கத்தோடு தியேட்டருக்குப் போனவர்கள் திரையில் உடைசலை மட்டும் தேடினார்கள், கிடைத்தது. நீ வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறேன், வேண்டாம் என்றால் வாசிக்கவே இல்லை என்று ஜார்ஜ் பாலிடம் சலித்துக்கொள்ளும் அந்தச் சின்ன வாக்குவாதம் படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 16 எம்.எம். ஃபிலிமைத் தியேட்டருக்காகப் பெரிதாக்கியதில் படம் மங்கலாகவும் பொரிபொரியாகவும் தெரிந்ததும் சோகத்தைக் கூட்டியது. போதாததற்கு, அந்த ஜனவரி ஒரு நரகம் என்கிற மாதிரி ஜானும் ஜார்ஜும் பின்னால் பேட்டிகளில் பேசினார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘லெட் இட் பி’ ஆல்பம் கடைசியாக வெளிவந்ததால், அந்தப் பாட்டுகள்தான் கடைசியாக உருவானவை என்று பலர் நினைத்துவிட்டார்கள். உண்மையில் அந்த ஜனவரிக்குப் பிறகுதான் ‘ஆபி ரோடு’ ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது. ஒருவரை ஒருவர் சகிக்க முடியாமல் போன பிறகு அப்படி ஒரு ஆல்பம் எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி ரசிகர்களுக்கு எப்போதும் இருந்தது.

‘லெட் இட் பி’ படமும் காணாமல் போனது. 1980-களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டாக வந்ததோடு சரி, டிவிடி வரவே இல்லை. ஆனால் படப்பிடிப்பின்போது ஒலிக்காகத் தனியாக ஓடிய நாக்ரா டேப்புகளில் கணிசமானவை திருடுபோய், வருடக்கணக்காகத் திருட்டு ரெக்கார்டுகளாகவும் பின்னர் சிடிக்களாகவும் ரசிகர்களிடையே சுற்றின. 2003-இல் நெதர்லாந்தில் நடந்த போலீஸ் சோதனையில் சுமார் 500 டேப்புகள் மீட்கப்பட்டன. தீவிர ரசிகர்களில் ஒரு கூட்டம் அந்த இரைச்சலான பதிவுகளைப் பல வருடம் காது கொடுத்துக் கேட்டு, எந்த நாளில் எந்தப் பாட்டை எத்தனை முறை வாசித்தார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று பட்டியலே போட்டு வைத்திருந்தது. முழுக்கச் சண்டைதான் என்ற கதை சரியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் காட்டுவதற்குப் படம் இல்லை. அதனால், அந்த மாதக் கடைசியில் மொட்டை மாடியில் நடந்த கச்சேரியின் ஐம்பதாவது ஆண்டு நாளான 2019 ஜனவரி 30 அன்று, அதுவரை வெளிவராத ஏறக்குறைய 55 மணி நேரக் காட்சியும் 140 மணி நேர ஒலியும் ஜாக்சனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்ற அறிவிப்பு வந்தபோது இவர்களுக்கு இருந்த எதிர்பார்ப்பு சாதாரணமானது இல்லை. 2020-இல் தியேட்டரில் வருவதாக இருந்த படம் கொரோனாவால் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் அது எட்டு மணி நேரத் தொடராக வளர்ந்தது. அந்தத் தாமதத்துக்கு ரசிகர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ரசிகர்கள் எதைப் பார்த்து அசந்துபோனார்கள் என்பதற்கு ஒரு காட்சி போதும். ஜனவரி 7, காலை. ஜான் இன்னும் வந்து சேரவில்லை. பால் தன் ஹாஃப்னர் பேஸ் கிட்டாரைச் சாதாரண கிட்டார் மாதிரி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஜார்ஜும் ரிங்கோவும். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். பால் ஒரே தாளத்தில் விடாமல் அடித்துக்கொண்டே வாயில் வந்ததை முனகுகிறார். நம் சினிமா இசையமைப்பாளர்கள் தத்தகாரம் போடுவார்களே, அதே மாதிரி. வார்த்தை இல்லை, அர்த்தம் இல்லை. மெட்டு ஒரு பக்கம் ஏறுகிறது, பிடிக்கவில்லை போல, விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறார். மறுபடி தொடக்கத்துக்கு வருகிறார். சட்டென்று குரல் ஒரு இடத்தில் உட்கார்கிறது. முனகலுக்குள்ளிருந்து இரண்டு சொல் தெளிவாக வெளியே வருகிறது: ‘கெட் பேக்’. அந்தக் கணம் ஜார்ஜுக்கும் கேட்டுவிடுகிறது. நன்றாக இருக்கிறது என்கிறார், கிட்டாரை எடுக்கிறார். ரிங்கோ கைதட்டித் தாளம் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஜான் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், அவரும் சேர்ந்துகொள்கிறார். சில மாதங்களில் உலகம் முழுக்க ரேடியோவில் ஒலிக்கப்போகும் பாட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், நம் கண்ணெதிரே உருவாகிவிடுகிறது.

இதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது என்று பேட்டிகளில் நூறு கதை கேட்டிருக்கிறோம். கனவில் வந்தது, காரில் போகும்போது வந்தது என்று. கேட்க நன்றாக இருக்கும், நம்புவதைத் தவிர வழியில்லை. இங்கே அப்படி இல்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டே பழகியவர்களைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்பு முன்னால் நிறுத்திய மாதிரி இருந்தது. அங்கே புகையும் உண்டு, கரிந்த பாத்திரமும் உண்டு.

கரிந்தது நிறைய. ‘சம்திங்’ பாட்டில் ஒரு வரிக்கு முடிவு கிடைக்கவில்லை என்று ஜார்ஜ் உதவி கேட்கிறார். மாதக்கணக்காக இழுக்கிறதாம். வார்த்தை வரும்வரை எது வேண்டுமானாலும் போட்டுப் பாடு, ‘காலிஃபிளவர்’ என்று பாடு என்கிறார் ஜான். ஜார்ஜ் மாதுளம்பழம் போட்டுப் பார்க்கிறார். பின்னாளில் உலகின் மிக அழகான காதல் பாட்டுகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய பாட்டு காய்கறிகளோடு கிடந்து திண்டாடுவதைப் பார்க்கும் ரசிகருக்கு, அதுவும் தானே பாட்டு எழுத முயல்பவர் என்றால், கிடைக்கும் தெம்பு கொஞ்சமல்ல. இந்தப் படத்தை அதிகம் கொண்டாடியவர்களில் இசைக்கலைஞர்கள் இருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜாக்சன் இங்கே அவசரப்படவில்லை. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே போகிறார். சலிப்பு வரும் நாளில் நமக்கும் சலிப்பு வருகிறது. இந்தப் பாட்டை மறுபடியுமா என்று தோன்றும் நேரத்தில் ஜார்ஜ் முகத்திலும் அதே கேள்வி தெரிகிறது. இரண்டு மணி நேரத்தில் சுருக்கியிருந்தால் இந்த அனுபவம் கிடைத்திருக்காது. நீளம்தான் இந்தப் படத்தின் உயிர்.

சண்டைக்கு வருவோம். ஜனவரி 10, மதியச் சாப்பாட்டு நேரம். ஜார்ஜ் எழுந்து, நான் குழுவை விட்டுப் போகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கத்தல் இல்லை, கதவை அறைவதும் இல்லை. மிச்சம் மூன்று பேர் திரும்பி வந்து காது கிழிய வாசிக்கிறார்கள், ஜானின் காதலி யோகோ ஓனோ மைக்கில் அலறுகிறார். ஜார்ஜ் வராவிட்டால் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனைக் கூப்பிடலாம் என்கிறார் ஜான். அடுத்த வேலை நாளில் ஜானும் வந்து சேராமல், பாலும் ரிங்கோவும் தனியே உட்கார்ந்திருக்கும்போது, அப்புறம் இருவர் மட்டுமே என்று பால் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் வெறித்துப் பார்க்கிறார். கண் கலங்கியிருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் இந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள்.

அதே நாள் கேன்டீனில் ஜானும் பாலும் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். படக்குழு அவர்களுக்குத் தெரியாமல் பூந்தொட்டிக்குள் மைக் வைத்திருந்தது. திரையில் முகம் இல்லை. எழுத்தும் குரலும் மட்டும். ஜார்ஜின் மனதில் ஒரு புண் இருக்கிறது, அதைச் சீழ் பிடிக்க விட்டோம், மருந்து போடவில்லை என்கிற பொருளில் ஜான் பேசுகிறார். தன் அதிகாரத்தனத்தைப் பற்றிப் பாலும் மறைக்காமல் பேசுகிறார். சிறு வயதிலிருந்து சேர்ந்தே வளர்ந்த இரண்டு பேர், இன்னொரு நண்பனுக்குத் தாங்கள் செய்த அநியாயத்தை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்கள். உளவு பார்த்துப் பதிவு செய்தது சரியா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் சங்கடம் இருக்கிறது. ஆனால் பீட்டில்ஸ் பிரிவைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட அந்தச் சில நிமிடங்கள் அதிகம் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இருண்ட படம் என்று பேரெடுத்த 1970-ஆம் வருடப் படத்தில் ஜார்ஜ் விலகிப்போனதே இல்லை. தயாரித்தது பீட்டில்ஸின் சொந்த நிறுவனம், அந்த விலகல் மறைக்கப்பட்டது. மகிழ்ச்சியான படம் என்று பேரெடுத்த ‘கெட் பேக்’தான் அதை முழுசாகக் காட்டுகிறது. பெரிய சண்டையை மறைத்த படம் சோகமாகத் தெரிந்தது, காட்டிய படம் நிம்மதி தந்தது. காரணம் எளிது. சண்டைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் எப்படிச் சமாதானம் ஆனது என்று தெரிந்தால், நம் வீட்டுச் சண்டைகளைப் போல அதையும் நம்மால் தாங்கிக்கொள்ள முடிகிறது. முன்னும் பின்னும் இல்லாமல் ஒரு முறைப்பை மட்டும் காட்டினால் அது விரோதமாகத் தெரியும்.

யோகோ விஷயமும் அப்படித்தான். ஐம்பது வருடம் அவர் தலையில் பிரிவின் பழி முழுவதும் விழுந்தது, அதில் இனவெறியும் பெண்வெறுப்பும் நிறையவே கலந்திருந்தன. படத்தில் அவர் ஜான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், துணி தைக்கிறார், கடிதங்களைப் பிரிக்கிறார். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நெருடல் இருந்தது உண்மை. ஆனாலும், ஐம்பது வருடம் கழித்து, யோகோ ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால் பிரிந்தார்கள் என்று சொல்வார்கள், எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று பாலே அந்த ஜனவரியில் சொல்கிறார். சொன்ன நாளிலிருந்து ஐம்பது வருடம் கழித்து அதை ரசிகர்கள் கேட்டார்கள். பலர் யோகோவைப் பற்றித் தாங்கள் நினைத்திருந்ததை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகவே சொன்னார்கள். இந்தப் படம் செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

இதெல்லாம் நம் காதில் விழுந்ததற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. கேமராவில் ஒரு ஃபிலிம் சுருள் பத்து நிமிடம் போல ஓடும்; மாற்ற வேண்டும். ஒலி டேப்போ ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் படத்தைவிட ஒலி இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த ஒலி ஒரே தடத்தில் பதிவானது. பேச்சு, கிட்டார், ட்ரம்ஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். மைக் இருப்பது தெரிந்த பீட்டில்ஸ், ரகசியம் பேசும்போது வேண்டுமென்றே கிட்டாரைச் சத்தமாகத் தட்டிக்கொண்டு பேசினார்களாம். வெலிங்டனில் உள்ள ஜாக்சனின் பார்க் ரோடு போஸ்ட் நிறுவனம், கிட்டார் என்றால் எப்படி ஒலிக்கும், மனிதக் குரல் எப்படி ஒலிக்கும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்து, கலந்து கிடந்ததைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தது. அந்த முறைக்கு ‘மால்’ என்று பேர் வைத்தார்கள். பீட்டில்ஸுக்காக ஓடியாடி எல்லா வேலையும் பார்த்த மால் எவன்ஸின் நினைவாக. படத்திலும் அவர் வருகிறார்; ‘மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹேமர்’ ஒத்திகையில் பட்டறைக்கல்லைச் சுத்தியால் அடிக்கும்போது அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷம் தனி.

நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் படத்தில் கூடுதலாகச் சில விஷயங்கள் தட்டுப்படும். ட்விக்கனத்தில் முதல் நாட்களில் ஹரே கிருஷ்ணா பக்தர் ஒருவர் சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். முந்தைய வருடம் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் இருந்தபோது எடுத்த படச்சுருளைப் பால் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, அங்கே நாம் நாமாக இருக்கவில்லை என்கிறார். ஜார்ஜுக்குச் சுருக்கென்று வருகிறது. நிஜமாகவே நாம் நாமாக இருந்தால் இப்போது இருக்கிற ஆட்களாகவே இருக்கமாட்டோம் என்று பதில் சொல்கிறார். தியானத்தை ஒருவர் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார், மற்றவருக்கு அது ஒரு பயணம். இருவருக்கும் நடுவே விழுந்துவிட்ட தூரம் இந்த ஒரு பேச்சில் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, ‘கெட் பேக்’ பாட்டின் ஆரம்ப வடிவம். 1968 மார்ச்சில், கென்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த மாதம் இனாக் பவல் என்ற எம்.பி. குடியேறிகளுக்கு எதிராக வெறிப்பேச்சுப் பேசினார். இதையெல்லாம் கிண்டலடித்து, ஊருக்குத் திரும்பிப் போ என்று பாகிஸ்தானியர்களைத் துரத்துபவர்களின் குரலிலேயே பால் வரிகள் போட்டுப் பார்க்கிறார். கிண்டல் என்பது விளங்காமல் போகும் ஆபத்து இருந்தது, வரிகள் கைவிடப்பட்டன. திருட்டுப் பதிவுகளில் இதைத் துண்டாகக் கேட்டு, பால் இனவெறியர் என்று குற்றம் சாட்டியவர்களும் உண்டு. படம் இந்த இடத்தைத் தாண்டிப் போகவில்லை. பேப்பர் செய்தி, அவர்களுடைய பேச்சு, பாட்டு மூன்றையும் சேர்த்துக் காட்டுகிறது. மறைத்திருக்கலாம். மறைக்காதது படத்தின் மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

ஜார்ஜ் திரும்பி வந்தார். இடமும் மாறியது. ஜனவரி 21 முதல் லண்டனின் சாவில் ரோ தெரு 3-ஆம் எண், பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலக அடித்தளம். அறை சிறியது, நால்வரும் நெருங்கி உட்கார வேண்டும். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. மறுநாள் அமெரிக்கக் கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டன் எட்டிப்பார்க்க வருகிறார். 1962-இல் ஹாம்பர்க்கில் பழகிய நண்பர். எலக்ட்ரிக் பியானோவில் அவர் கை வைத்ததும் நான்கு முகத்திலும் சிரிப்பு வருகிறது. அத்தனை நாளாக நொண்டிக்கொண்டிருந்த பாட்டுகள் ஓடத் தொடங்குகின்றன. நீ குழுவிலேயே சேர்ந்துவிடு என்கிறார் ஜான். விருந்தாளி வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டில் இருந்த ஓட்டையை அவர் வாசிப்பு அடைத்தது என்பது காதுக்கே தெரிகிறது. ‘கெட் பேக்’ சிங்கிள் ரெக்கார்டில் பீட்டில்ஸ் பெயரோடு அவர் பெயரும் அச்சானது.

கடைசியில் லிபியாவும் இல்லை, கப்பலும் இல்லை. ஜனவரி 30 மதியம் அதே கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். குளிருக்கு யோகோவின் ஃபர் கோட்டை ஜானும், மனைவியின் சிவப்பு மழைக்கோட்டை ரிங்கோவும் போட்டுக்கொண்டார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் வாசித்தார்கள். ஜாக்சன் அதை முழுசாக, திரையைப் பிரித்துப் பிரித்து, மாடியையும் தெருவையும் வரவேற்பறையையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். கீழே புகாரின்பேரில் வந்த இளம் போலீஸ்காரர்களை வரவேற்பறைப் பெண்ணும் மால் எவன்ஸும் முடிந்தவரை பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கிறார்கள். மேலே பால் போலீஸைப் பார்த்துவிட்டு இன்னும் உற்சாகமாகிறார். ஜானும் பாலும் பதின்ம வயதில் எழுதிய ‘ஒன் ஆஃப்டர் 909’ பாட்டை வாசிக்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதைக் கவனியுங்கள். அன்று அங்கே பதிவானவற்றில் மூன்று பாட்டுகள் ‘லெட் இட் பி’ ஆல்பத்தில் போயின. பொதுமக்கள் முன்னால் நால்வரும் சேர்ந்து வாசித்தது அதுதான் கடைசி.

குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தயாரிப்பாளர்கள் பட்டியலில் பால், ரிங்கோ, யோகோ, ஜார்ஜின் மனைவி ஒலிவியா ஹாரிசன் நால்வரும் இருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர்களே தயாரிக்கும் படத்தை ஒரு கண் வைத்துத்தான் பார்க்க வேண்டும். படமில்லாத ஒலிக்கு வேறு நேரத்தில் எடுத்த காட்சியைப் பல இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நாக்ரா டேப்புகளைக் கரைத்துக் குடித்த பழைய ரசிகர்கள் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஃபிலிமின் பொரியை நீக்கியதில் சில இடங்களில் முகங்கள் மெழுகு பூசியது போல ஆகிவிட்டதும் உண்மை. எனக்குப் பெரிய குறை வேறு. ஆலன் கிளைன் என்ற அமெரிக்க மேனேஜரை அந்த மாதக் கடைசியில் ஜான் சந்தித்துவிட்டு வந்து புகழ்ந்து தள்ளுவதைப் படம் காட்டுகிறது. அந்தக் கிளைன் விவகாரம்தான் வளர்ந்து, 1970 டிசம்பர் 31 அன்று பால் மற்ற மூவர் மேலும் வழக்குப் போடுவதில் போய் முடிந்தது. புதிதாகப் பார்ப்பவருக்கு அந்தக் கனம் தெரிய வேண்டுமானால் இன்னும் சில வரிகள் வேண்டும். ஜார்ஜின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பாட்டை எல்லோரும் ஒத்திகை பார்த்துவிட்டுக் கைவிடுவதும் அப்படித்தான். 1970-இல் அதே பெயரில் மூன்று ரெக்கார்டுகள் கொண்ட ஆல்பமாக ஜார்ஜ் வெளியிட்டு வெற்றி பெற்றார் என்று தெரிந்தவருக்கு அந்தக் காட்சி நெஞ்சில் குத்தும். தெரியாதவருக்கு அது இன்னொரு ஒத்திகை.

ரசிகர்களின் உற்சாகம் படத்தோடு நிற்கவில்லை. ‘மால்’ முறையை வைத்து 1966-ஆம் வருட ‘ரிவால்வர்’ ஆல்பத்தைப் பிரித்து 2022-இல் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஜான் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பாடி வைத்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டை 1995-இல் மற்ற மூவரும் முடிக்கப் பார்த்து, குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க முடியாமல் விட்டிருந்தார்கள். அதே முறையில் குரல் தெளிவாகக் கிடைத்தது. 2023 நவம்பரில் வெளியாகி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 2025-இல் கிராமி விருதும் வாங்கியது.

2024 மே 8 அன்று, பல பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடந்த ‘லெட் இட் பி’ படமும் சுத்தம் செய்யப்பட்டு வெளிவந்தது. ‘கெட் பேக்’ பார்த்துவிட்டு அதைப் பார்த்தவர்களுக்கு அது முன்பு போல இருண்ட படமாகத் தெரியவில்லை. லிண்ட்சே-ஹாக்குக்கு ஐம்பது வருடம் கழித்துக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. மொத்தம் இருக்கும் 60 மணி நேரத்தில் எட்டு மணி நேரம்தான் ‘கெட் பேக்’கில் இருக்கிறது. இன்னும் நீளமான ஒரு பதிப்பைக் கொண்டுவர ஜாக்சனுக்கும் ஆசை இருக்கிறது. ரசிகர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து கேட்கிறேன்.